குளோரின் வாடை அடிக்கும் தண்ணீரை நோயாளிக்குக் கொடுக்கலாமா?

மழை வலுக்கும் நாள்களில் நோயாளிகளின் உறவினர் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. குளோரின் புற்றுநோய் தரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று.

நாகர்கோவிலுக்கு நெடுங்காலமாகக் குடிநீர் தரும் முக்கடல் அணை மலையடிவாரத்தில் உள்ளது. காட்டில் பெய்யும் மழை இலைச்சருகின் சாற்றையும் சேர்த்தே கொண்டுவரும். அந்தக் கரிமப் பொருளுடன் குளோரின் வினைபுரிந்தால் குளோரோஃபார்ம் முதலிய டிரைஹாலோமீத்தேன்கள் உண்டாகும். ரோட்டர்டாம் நகரின் வேதியியலர் ரூக் 1974இல் இதை எடுத்துக்காட்டினார். கடலோரக் கிணறுகளில் உப்புநீர் கலந்தால், அதிலுள்ள புரோமைடும் இவ்வினையில் சேர்ந்துகொள்ளும்.

இத்தகைய பொருள்கள் மிகுந்த நீரைப் பல்லாண்டுகள் குடித்தவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டுள்ளன. காரணம் இதுவே என்று முடிவாகவில்லை. இந்தியக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என வரம்பு வைக்கிறது. அதே தரம், குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் நீரில் எஞ்சியிருக்க வேண்டும் என்றும் கேட்கிறது.

கிருமி நீக்காத நீரின் கேடு பல்லாண்டுகள் காத்திருப்பதில்லை. வயிற்றுப்போக்கு சில நாள்களிலும், டைபாய்டும் மஞ்சள் காமாலையும் சில வாரங்களிலும் வந்துவிடும். கீமோதெரபி பெறுவோருக்கு அது உயிராபத்து. பக்கவிளைபொருளுக்கு அஞ்சிக் கிருமிநீக்கத்தைத் தளர்த்தலாகாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும்.

நாங்கள் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. கலங்கிய கிணற்று நீரில் பிளீச்சிங் பவுடரைக் கைப்பிடியாக அள்ளிப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. கலங்கலில் குளோரினும் வீணாகும், பக்கவிளைபொருளும் பெருகும். நீரைத் தொட்டியில் தெளியவிட்டு, வடிகட்டிய பின்னரே 1000 லிட்டருக்கு 2.5 கிராம் தரமான பவுடரைக் கலந்து, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். நோயாளிக்கான நீரை, சன்னல் திறந்த அடுக்களையில் மூடாமல் கொதிக்கவையுங்கள். குளோரோஃபார்மின் பெரும்பகுதி ஆவியாகிப் போகும். ஆறியதும் மூடிவைத்து, அன்றைக்கே குடித்துத் தீருங்கள்.

டயாலிசிஸ் இயந்திரத்துக்கான நீரில் மட்டும் குளோரின் அறவே கூடாது. அதைக் கரி வடிகட்டியால் நீக்குகிறோம். டயாலிசிஸ் பெறுவோர் வீட்டில் குடிக்கும் நீருக்கு இவ்விதி இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது, மருத்துவர் குறித்துத் தந்த அளவு மட்டுமே.