மோட்டார் காரில் பாட்டும் படமும்

காருக்குப் பாட்டுப்பெட்டி வாங்கச் செல்வோரில் பெரும்பாலோர் திரையைப் பார்த்தே வாங்குகின்றனர். கடைக்காரர் ஒன்பது அங்குலத் திரையில் ஒரு சண்டைக் காட்சியை ஓடவிட்டால் போதும், பணப்பை திறந்துவிடுகிறது. ஒலி எப்படி இருக்கிறது என்று செவிகொடுத்துக் கேட்போர் சிலரே. வயரை எங்கே, எவ்விதம் இணைப்பீர்கள் என்று வினவுவோர் அதனினும் குறைவு. டெல்லியில் கரோல் பாக், பெங்களூரில் ஜே.சி. சாலை, சென்னையில் ஜி.பி. சாலை என்று எந்தக் கடைத்தெருவுக்குச் சென்றாலும் இதே கதைதான். நம் சங்கக் குடும்பங்களில் கார் வைத்திருப்போர் பலர், ஒருவர் கைமாறி வந்த பழைய வண்டியையே வாங்கியிருக்கின்றனர். அதிலுள்ள வானொலி பழுதாகியிருக்கும், அல்லது பழைய சொந்தக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். புதிதாகப் பொருத்த வேண்டிய நிலையிலுள்ள அத்தகைய அன்பர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம்.

காரில் இசை கேட்கும் ஆசை புதியதன்று. 1930இல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் காருக்கென்று ஒரு வானொலிப் பெட்டியை விற்கத் தொடங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர்தான் மோட்டரோலா. 1956இல் கிரைஸ்லர் கம்பெனி, ஓடும் காரில் இசைத்தட்டுச் சுழலும் கருவியைக்கூடப் பொருத்திப் பார்த்தது. மேடுபள்ளத்தில் ஊசி என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். பிலிப்ஸ் கம்பெனி 1963இல் வெளியிட்ட கேசட் நாடா பின்னர் காருக்குள்ளும் வந்து, பல ஆண்டுகள் அரசோச்சியது. நம் நாட்டில் வானொலி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திய காலமும் இருந்தது. இப்போது அக்கட்டணமும் இல்லை, நாடாவும் இல்லை. எல்லாம் கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது. காரிலுள்ள பெட்டியின் வேலை, பெரும்பாலும் அக்கைப்பேசியின் ஒலியை வாங்கி ஸ்பீக்கருக்குக் கொடுப்பதே ஆகும்.

ஆகவே முதற்பணம் ஸ்பீக்கருக்குச் செல்ல வேண்டும் என்பது நம் கருத்து. இதில் மக்களை மயக்குவது வாட் கணக்கு. பெட்டியின்மேல் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 50 வாட் வீதம் நான்கு ஸ்பீக்கருக்கு என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது காரில் கிடைக்கும் மின்னழுத்தம் சுமார் 14 வோல்ட். காரில் பொருத்தும் சாதாரண ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத பெட்டி, இந்த 14 வோல்ட்டைக்கொண்டு ஒரு ஸ்பீக்கருக்கு ஒலி சிதையாமல் அளிக்கக்கூடியது ஏறக்குறைய 20 வாட் மட்டுமே. அந்த 50 என்பது கணநேர உச்சம். கவனிக்க வேண்டியது 'ஆர்.எம்.எஸ்.' என்று குறித்த எண். பெட்டிக்கும் அதைத்தான் பார்க்க வேண்டும், ஸ்பீக்கருக்கும் அதைத்தான் பார்க்க வேண்டும். முன்னூறு வாட் என்று மின்னும் ஸ்பீக்கரை வாங்கி 20 வாட் பெட்டியோடு இணைப்பது, யானைக்குச் சோளப்பொரி இட்ட கதை.

அட்டையில் இன்னோர் எண்ணும் சிறிய எழுத்தில் இருக்கும். ஒரு வாட் மின்சக்தி கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி எழும் என்பதைக் காட்டும் எண் அது. 88 உள்ள ஸ்பீக்கருக்கும் 91 உள்ளதற்கும் வேற்றுமை மூன்றுதானே என்று எண்ணலாகாது. மூன்று டெசிபல் கூடுதலாகப் பெற இருமடங்கு வாட் வேண்டும். தனி ஆம்ப்ளிஃபயர் வைக்கப்போவதில்லை என்றால், இந்த எண் உயர்ந்த ஸ்பீக்கரே குடும்பத்துக்கு ஏற்றது. ஆம்ப்ளிஃபயருக்கு ஆகும் செலவு அதனால் மிச்சமாகும்.

முன்கதவுகளில் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வைத்தாலே பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதும். பலர் அறியாத செய்தி, கதவும் ஓர் ஒலிப்பெட்டியாக வேலை செய்கிறது என்பது. கதவின் உட்புறத் தகடு அதிர்ந்து இரைந்தால் எத்தனை விலையுயர்ந்த ஸ்பீக்கரும் தகரப்பறைபோல் ஒலிக்கும். ஸ்பீக்கர் மாற்றும்போதே, தகட்டின்மேல் அதிர்வைத் தடுக்கும் ஒட்டுத்தாளைப் பதித்து, ஸ்பீக்கரைச் சுற்றிக் காற்றுக் கசியாதபடி அடைத்துவிட்டால், மிருதங்கத்தின் தொப்பி அப்போதுதான் தொப்பியாகக் கேட்கும். அதே சமயம் மழைநீர் வடிவதற்குக் கதவின் அடியில் விட்ட துளைகளை அடைத்துவிடக் கூடாது. மும்பை மழையில் கதவு துருப்பிடித்த பின் வருந்திப் பயனில்லை.

பின்புறம் பெரிய பேஸ் பெட்டி வேண்டும் என்று இளைஞர்கள் பிடிவாதம் பிடிப்பதுண்டு. சிறிய காரில் அது சாமான் வைக்கும் இடத்தில் பாதியை விழுங்கிவிடும். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும்போது அரிசி மூட்டை, தேங்காய், புளி, பாட்டி கட்டிக்கொடுத்த வடகம் இவற்றையெல்லாம் மடியிலா வைத்துக்கொள்வது? போல்ட் போட்டு இறுக்காத பேஸ் பெட்டி, திடீரென்று பிரேக் போட்டால் பின்னிருக்கையில் இருப்போர் முதுகைப் பதம் பார்த்துவிடும். வேண்டுமென்றே இருந்தால், இருக்கைக்கு அடியில் அடங்கும் தட்டையான பெட்டிகள் கிடைக்கின்றன. வீடு குலுங்காது, ஆனால் பாட்டுக்குப் போதிய அடிநாதம் வரும்.

இனிப் பெட்டியைப் பற்றி. டாஷ்போர்டில் உள்ள துளை இரண்டு அளவுகளில் வழங்குகிறது. அகலம் இரண்டிலும் சுமார் 180 மில்லிமீட்டர். உயரம் 50 அல்லது 100. பழைய காருக்குச் சிறியதே பொருந்தும் என்றால், அதற்காக டாஷ்போர்டை அறுக்க வேண்டுவதில்லை. திரையில்லாத சிறிய பெட்டியிலேயே புளூடூத், யு.எஸ்.பி., வானொலி மூன்றும் இருக்கின்றன. நம்மவர்க்கு மட்டும் உரிய ஒரு தொல்லை உண்டு. பாட்டின் பெயரைத் தமிழில் எழுதிச் சேமித்திருந்தால், மலிவான பெட்டிகள் பலவற்றில் எழுத்துகளுக்குப் பதில் கட்டங்களே தோன்றும். தமிழ்ப் பெயருள்ள சில பாட்டுகளை யு.எஸ்.பி.யில் ஏற்றிக் கடைக்கு எடுத்துச் சென்று, அங்கேயே பொருத்திப் பார்த்து வாங்குதல் நன்று. அதே யு.எஸ்.பி.யில் வழக்கமாகக் கேட்கும் பாட்டு ஒன்றைப் போட்டு, குரல் தெளிவாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். கடைக்காரர் வைத்திருக்கும் பாட்டு, எந்தப் பெட்டியிலும் நன்றாகக் கேட்பதற்கென்றே தேர்ந்தெடுத்தது.

தமிழ் வானொலி கேட்க வேண்டும் என்பது வெளி மாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களின் நியாயமான ஆசை. பண்பலை ஒலிபரப்பு நேர்க்கோட்டில் செல்வது. நகரை விட்டு ஐம்பது அறுபது கிலோமீட்டர் சென்றாலே பெரும்பாலும் தேய்ந்துவிடும். மத்திய அலை இரவில் நெடுந்தொலைவு எட்டும் இயல்புடையது. ஆனால் மின்சாரக் கார்களில் மோட்டாரை இயக்கும் மின்னணுச் சுற்றுகள் அந்த அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்புகின்றன. அக்காரணத்தால் சில கம்பெனிகள் அந்த வசதியையே நீக்கிவிட்டன. இதற்கு எளிய வழி, பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் செயலி. ஆகாசவாணியின் தமிழ் நிலையங்களை நாக்பூரிலிருந்தாலும் கல்கத்தாவிலிருந்தாலும் அதன்வழிக் கேட்கலாம். நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் ஒலி வந்தால் ஒரு மணிக்குச் செலவாகும் இணையம் சுமார் 58 எம்.பி.தான். நெட்வொர்க் இல்லாத காட்டுப் பகுதிகளுக்கும் மலைச்சாலைகளுக்கும் யு.எஸ்.பி. கைகொடுக்கும். 32 ஜி.பி. கொள்ளும் சிறு துண்டில், உயர்ந்த தரத்திலேயே ஐந்து நிமிடப் பாட்டுகள் இரண்டாயிரத்துக்கு மேல் அடங்கும். கன்னியாகுமரி போய்ச் சேரும்வரை ஒன்று திரும்ப வராது.

திரை அறவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வழி காட்டும் வரைபடத்துக்கும், பின்னோக்கி எடுக்கும்போது கேமராவுக்கும் திரை நல்ல துணை. சிறு குழந்தைகள் விளையாடும் குடியிருப்புகளில் அந்தக் கேமரா ஒன்றுக்காகவே திரை வாங்கலாம். ஆனால் ஒரு சிறிய வயரைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. படம் காட்டும் பெட்டிகள் பலவற்றில், கை பிரேக்குடன் இணைக்க வேண்டிய வயர் ஒன்று இருக்கும். கை பிரேக் போட்டு வண்டி நின்றால்தான் படம் ஓடும். பிரேக்கை விடுவித்தால் படம் மறையும். தயாரிப்பாளர் தெரிந்தே வைத்த காவல் அது. பொருத்துகிறவர் பலர் அந்த வயரைக் கை பிரேக்குக்குக் கொண்டு செல்லாமல், அருகிலுள்ள இரும்பில் வைத்து முடுக்கிவிடுகின்றனர். பெட்டி எப்போதும் வண்டி நிற்பதாகவே எண்ணிக்கொள்ளும். "ஓடும்போதும் படம் வரும் சார்" என்று அதையே ஒரு சலுகைபோல் சொல்கின்றனர். கேட்கும் நாமும் மகிழ்ந்துபோகிறோம்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடுகிறது. கதாநாயகன் திரும்பிப் பார்க்கும் இரண்டு விநாடிக்குள் 44 மீட்டர் சாலை, பார்ப்பார் இல்லாமல் கழிந்துவிடும். அந்த 44 மீட்டரில் ஒரு மாடு குறுக்கிடலாம், விளக்கில்லாத டிராக்டர் நிற்கலாம். 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள், வழி காட்டும் வரைபடத்தைத் தவிர வேறு படம் பார்த்துக்கொண்டு ஓட்டலாகாது என்றே கூறுகின்றன. கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்தியபடி ஓட்டுவதை 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்துவிட்டது. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ உண்டு. அந்த வயரைக் கை பிரேக்கோடு இணைத்துக் காட்டுங்கள், பிரேக்கை விடுவித்தால் படம் மறைகிறதா பார்க்கிறோம் என்று கடையிலேயே நின்று கேட்க வேண்டும். முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போகலாம்.

குழந்தைகளுக்காகப் பின்னிருக்கையில் திரை வைப்போரும் உளர். நெடும்பயணத்தில் தாய்மார்க்கு அதனால் சற்று ஓய்வு கிடைப்பது உண்மை. ஆயினும், கண் அசையாத திரையைப் பார்க்க, காதிலுள்ள சமநிலை உறுப்பு வண்டி அசைவதை உணர, இரண்டும் முரண்பட்டுக் குமட்டல் எடுக்கும் குழந்தைகள் பலர். வாங்குமுன் கைப்பேசியில் அரைமணி நேரம் காட்டிப் பரீட்சித்தல் சிக்கனம். முன்னிருக்கையின் தலைச்சாய்வில் கொக்கியிட்டுத் தொங்கவிடும் கனத்த திரை, மோதலில் குழந்தையின் முகத்துக்கு நேரே இருக்கும் என்பதையும் எண்ண வேண்டும்.

பொருளைவிடப் பொருத்தும் வேலையே ஆபத்து நிறைந்தது. காரின் வயரை அறுத்து முறுக்கி டேப் சுற்றும் முறையை ஒப்புக்கொள்ளவே கூடாது. ஒவ்வொரு கார் மாதிரிக்கும் உரிய கப்ளர் கடையில் கிடைக்கும். அதைச் செருகினால் அறுப்பதற்கே வேலை இல்லை. பின்னால் வண்டியை விற்கும்போது பழைய பெட்டியை அப்படியே மாட்டியும் கொடுக்கலாம். மஞ்சள் உறை போர்த்த வயர்கள் பெரும்பாலும் காற்றுப்பையைச் சேர்ந்தவை, அவற்றின் பக்கம் போகலாகாது. தனி ஆம்ப்ளிஃபயர் வைத்தால் பாட்டரியிலிருந்து நேரே கனத்த வயர் வரும். 400 வாட் ஆம்ப்ளிஃபயர் முழு வேகத்தில் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த வயரில், பாட்டரிக்கு அருகே ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருந்தே தீர வேண்டும். மும்பையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் புறப்பட்ட, நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று ஹூப்ளியைத் தாண்டியதும் புகை நாற்றம் கண்டு நிறுத்தியது. ஃபியூஸ் இல்லாத வயர் இரும்பு விளிம்பில் உராய்ந்து உறை தேய்ந்திருந்தது. பகற்பொழுதாக இருந்ததாலும், அருகே ஒரு லாரி ஓட்டுநர் ஸ்பேனருடன் ஓடிவந்து பாட்டரியைக் கழற்றியதாலும் டாஷ்போர்டு கருகியதோடு போயிற்று. பின்னிருக்கையில் இரு குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தனர்.

பிறகு வாங்கிப் பொருத்திய கருவிகளை இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கு அறிவித்து, பாலிசியில் ஐ.எம்.டி. 24 என்னும் சேர்க்கையைப் பெற்றால்தான் அவை திருடுபோனாலோ சேதமானாலோ ஈடு கிடைக்கும். கடை ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டியது இதற்காகவே.

கடைசியாக, காரை நிறுத்திவிட்டு ரயிலில் ஊர் செல்லும் நம் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு. ஆண்ட்ராய்டு பெட்டிகள் சில, அணைத்த பின்பும் அரைத்தூக்கத்தில் கிடந்து மின்சாரம் உறிஞ்சும். 50 மில்லி ஆம்பியர் உறிஞ்சினால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி போகும். சிறிய காரின் பாட்டரி 35 ஆம்பியர் மணிதான். பாதி தீர்ந்தாலே ஸ்டார்ட் எடுக்கத் திணறும் ஆகையால், பதினைந்து நாளில் வண்டி படுத்துவிடும். கோடை விடுமுறையோ முப்பது நாள். பெட்டி பொருத்திய அன்றே, வண்டியைப் பூட்டி அரைமணி கழித்து எத்தனை மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லலாம். இல்லையேல் ஊருக்குப் புறப்படுமுன் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடலாம். கம்பெனி பொருத்திய ரேடியோ சில, முனையைத் திரும்ப மாட்டியதும் இரகசிய எண் கேட்கும். அந்த எண் எழுதிய அட்டை காரின் கையேட்டுக்குள் இருக்கும். அதைத் தேடி எடுத்து வைத்துக்கொண்ட பிறகு ஸ்பேனரைக் கையில் எடுக்கலாம்.