விதவைக்கு ஆயிரம், ஆன்மாவுக்குத் திருப்பலி

தோட்டத்து மரண சகாய நிதியை அறிந்த நம்மவர்க்கு இது புதுமையாக இராது. அமெரிக்காவின் நியூஹேவன் நகரில், 1882-இல் மைக்கேல் மக்கிவ்னி என்ற பாதிரியார் 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்' எனும் கத்தோலிக்க சகோதர சங்கத்தைத் தொடங்கினார். இவர் குருமடத்தில் படிக்கையில், 1873-இல், வார்ப்புத் தொழிலாளியான தந்தை இறந்தார். மூத்த மகன், வீடு திரும்ப வேண்டியதாயிற்று. அப்படிப்பட்டவர் வகுத்த விதி வேறு எப்படி இருக்கும்! உறுப்பினர் ஒருவர் மறைந்தால் மற்றவர்கள் ஆளுக்கு 1 டாலர் தர வேண்டும். விதவைக்கு 1,000 டாலர் என்பது ஏற்பாடு.

பணத்தோடு கடமை தீரவில்லை. இறந்தோரின் ஆன்மா இளைப்பாற உயிரோடிருப்போர் செபித்து உதவலாம் என்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. ஆகவே மறைந்த சகோதரர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறார்கள்.

பாதிரியாரும் 1890-இல், 38 வயதிலேயே காலமானார். நியூஹேவன் புனித மரியாள் ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அந்த ஆலயத்தின் நிலவறையில்தான் சங்கமே பிறந்தது.