பழைய எண், புதிய எண்

தரவோடு பழகுவோம் – 9

புதிய எண் 12, பழைய எண் 5, வடக்கு மாட வீதி, மயிலாப்பூர், சென்னை 600004. எடுத்துக்காட்டுக்காக எழுதிய முகவரிதான். ஆனால் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் பல ஆயிரம் கதவுகளுக்கு முகவரி இந்த வடிவில்தான் இருக்கிறது. மாநகராட்சி தெருக்களுக்கு மறுபடி எண் போட்டபோது மக்கள் பழைய எண்ணைக் கைவிடவில்லை. இரண்டும் சேர்ந்தே எழுதப்படுகின்றன.

இந்த முகவரிக்குள் நான்கு கமா இருக்கிறது. சி.எஸ்.வி. கோப்பில் ஒரு நெடுவரிசையை அடுத்ததிலிருந்து பிரிப்பதும் கமாதான் என்று சென்ற வாரம் பார்த்தோம். பெயர், முகவரி, தொலைபேசி என்று மூன்றே விவரம் உள்ள ஒரு வரியை, கமா வரும் இடமெல்லாம் வெட்டு என்று பைதானின் ‘ஸ்பிளிட்’டிடம் கொடுத்தால் ஏழு துண்டு விழும். தொலைபேசி எண் இருக்க வேண்டிய மூன்றாம் இடத்தில் ‘பழைய எண் 5’ வந்து நிற்கும். நிரல் எந்தப் பிழையும் காட்டாது.

இதற்கு வழி பழையதுதான். உள்ளே கமா வரும் விவரத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைத்துவிட வேண்டும். மேற்கோளே உள்ளே வந்தால் அதை இருமுறை எழுத வேண்டும். 1970களிலிருந்து புழங்கிய வழக்கங்களை ஒழுங்குபடுத்தி, 2005இல் ஆர்.எஃப்.சி. 4180 என்ற ஆவணமாக எழுதி வைத்தார்கள். பைதானில் இந்த வேலைக்கென்றே ஒரு தொகுதி 2003இல் வெளிவந்த 2.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் மேற்கோளுக்குள் இருக்கும் கமாவை அது தொடாது. கையால் வெட்டும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று வாசகர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கமாவைவிட எனக்குக் கவலை தருவது சாய்கோடு. இரண்டு எண்ணையும் சுருக்கி 12/5 என்று எழுதுவது சென்னை வழக்கம். அந்தக் கோப்பை எக்ஸெலில் இருமுறை சொடுக்கித் திறந்தால், இந்தியத் தேதி அமைப்புள்ள கணினியில் அது ‘12-மே’ ஆகிவிடும். 45/17 தேதியாக முடியாது என்பதால் அப்படியே தப்பிக்கும். ஒரே தெருவில் பாதி வீடுகளுக்குக் கதவு எண், மீதிக்கு நாட்காட்டி! திறந்தவர் அப்படியே சேமித்துவிட்டால் கோப்பிலும் ‘12-மே’ என்றே எழுதப்பட்டுவிடும். மாதத்தை முன்னால் வைக்கும் அமெரிக்க அமைப்பில் 5/12 என்ற கதவு எண்ணும் இதே ‘12-மே’யாகத்தான் மாறும். ஆக, எந்தக் கணினியில் திறந்தார்கள் என்று தெரியாவிட்டால், அந்த ஒரு சொல் இரண்டு வெவ்வேறு வீடுகளைக் குறிக்கும்.

மரபணு ஆய்வாளர்களும் இதே தொல்லையில் பல காலம் கிடந்தார்கள். ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்ற மரபணுப் பெயர்களை எக்ஸெல் தேதியாக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020இல், பெயர் சூட்டும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றியது. சென்னை தன் கதவு எண்களை மாற்ற முடியாது. கோப்பைப் படிக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை மீறியபோது, உதவி கேட்டவர்கள், தங்க இடம் தர முன்வந்தவர்கள் விவரங்களைத் தன்னார்வலர்கள் இணைய அட்டவணைகளில்தான் திரட்டினார்கள். அத்தகைய பட்டியலில் ஒரு முகவரி என்பது யாரோ ஒருவர் காத்திருக்கும் கதவு. அங்கே ‘12-மே’ என்று இருக்கக் கூடாது.

என் பரிந்துரை ஒன்றுதான்: எல்லா நெடுவரிசையையும் முதலில் எழுத்தாகவே படியுங்கள். பைதானில் அட்டவணைகளைப் படிக்க உதவும் பாண்டாஸ் தொகுதி கதவு எண்ணைத் தானாகத் தேதியாக்காது. ஆனால் 044 என்று தொடங்கும் தொலைபேசியை எண்ணாகக் கொண்டு முன்னால் உள்ள சுழியத்தை விழுங்கிவிடும். சாய்கோடில்லாமல் எண்கள் மட்டுமே உள்ள கதவு எண் நெடுவரிசையில் ஓரிடம் காலியாக இருந்தாலே 12 என்பது 12.0 ஆகிவிடும். படிக்கும்போதே, தரவு வகை எழுத்து என்று சொல்லிவிட்டால் இரண்டும் நடக்காது. எதைக் கூட்ட வேண்டுமோ, எதைச் சராசரி எடுக்க வேண்டுமோ, அதை மட்டும் பிறகு எண்ணாக்கலாம். வீட்டு வரித் தொகை 1,25,000 என்று லட்சக் கமாவோடு வந்தாலும் இதே வழிதான்: எழுத்தாக எடுத்து, கமாவை நீக்கி, எண்ணாக்கலாம். கதவு எண்ணை யாரும் கூட்டப் போவதில்லை.

தமிழில் எழுதிய கோப்பென்றால் இன்னொன்றும் உண்டு. ‘மயிலாப்பூர்’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து; யூனிகோடில் பதினொரு குறி; யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டாக 33 பைட். எக்ஸெல் இந்த முறையை அறியாமல் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டும்போதுதான் திரை முழுக்க கிறுக்கலாகத் தெரிகிறது. தரவு கெடவில்லை, பதறி அழித்துவிடாதீர்கள். பைதானிலிருந்து சேமிக்கும்போது ‘யூ.டி.எஃப்.-8-சிக்’ என்று கொடுத்தால் கோப்பின் தலையில் ஓர் அடையாளம் சேரும். எக்ஸெல் அதைப் பார்த்துத் தமிழைச் சரியாகக் காட்டும்.

அடுத்த வாரம் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளின் அன்றாட நீர்மட்டத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 06-12-2015 என்று இருந்தால் அது டிசம்பர் ஆறா, ஜூன் பன்னிரண்டா என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.