பழைய லொறி எஞ்சினுக்குச் சுற்றிப் பூட்டும் ஒயில் பில்ரர்

கிராமத்தில் ஓடும் ஒரேயொரு லொறி நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்பதை எமது மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. விளைந்த வெங்காயம் சந்தைக்குப் போகாது. விதைநெல்லும் பசளையும் வந்து சேரா. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறியபோது, முதியோரையும் மூட்டைகளையும் சுமந்தவற்றுள் பழைய லொறிகளும் உழவு இயந்திரங்களும் அடங்கும். காணியை விட்டுவந்த குடும்பத்துக்குக் கையில் மிஞ்சிய முதல் பல வேளைகளில் ஓர் எஞ்சின்தான். அதன் ஆயுளை நீடிப்பது சுத்தமான எண்ணெய். எனவே எண்ணெயை வடிக்கும் பில்ரரைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கிண்ண வகையின் குறைகள்

பழைய பெட்போர்ட் லொறிகளிலும், மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின் பூட்டிய மசி பேர்கசன் 35 உழவு இயந்திரத்திலும் கிண்ண வகைப் பில்ரரைக் காணலாம். உலோகக் கிண்ணத்துள் கடதாசி வடி ஒன்று இருக்கும். நடுவே ஒரு நீண்ட போல்ட் கிண்ணத்தை மேலே இறுக்கிப் பிடிக்கும். விளிம்பில் ஒரு ரபர் வளையம் ஒழுக்கைத் தடுக்கும்.

இம்முறை தவறானதல்ல. ஆனால் வடியின் கீழுள்ள சுருளும் வாசரும் தொலைந்துபோனால், எண்ணெய் வடிக்குள் புகாமல் அதன் ஓரத்தால் கடந்துவிடும். வெளியே ஒழுக்குத் தெரியாது. உள்ளே பெயாரிங்குகள் தேய்ந்துகொண்டிருக்கும். பொருத்தமான வடியும் வளையமும் சிறு பட்டினக் கடைகளில் கிடைப்பதும் அரிது.

இதனாற்றான் பலர் தகர டப்பா போன்ற, கையாற் சுற்றிப் பூட்டும் பில்ரருக்கு மாறுகிறார்கள். கிண்ணத்தையும் நீண்ட போல்டையும் கழற்றி, கிண்ணத்தின் விளிம்பு இருந்த பள்ளத்தில் ‘அடப்டர்’ எனும் இணைப்புத் தட்டை வைத்து, நடுவே துளையுள்ள புரிக்குழாயால் இறுக்குவர். அக்குழாயின் மறுமுனையில் புதிய பில்ரர் ஏறும். அழுக்கு எண்ணெய் சுற்றிவரவுள்ள துளைகளால் உள்ளே சென்று, வடிக்கப்பட்டு நடுக்குழாயால் வெளியேற வேண்டும்.

மாற்றுமுன் நான்கு கேள்விகள்

முதலாவது: எஞ்சின் எவ்வகையானது? சிலவற்றில் எண்ணெய் முழுவதும் பில்ரரைக் கடந்தே பெயாரிங்குகளுக்குப் போகும். வேறு சிலவற்றில் சிறு பகுதி மட்டும் பில்ரரால் சென்று சம்ப்புக்குத் திரும்பும். பில்ரர் இரண்டு மெல்லிய குழாய்களால் இணைக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் இரண்டாம் வகை. அதில் எண்ணெயின் அளவைக் கட்டுப்படுத்தும் நுண்துளை ஒன்று இருக்கும். அதை அகற்றினால் ஒயில் அழுத்தம் விழுந்துவிடும்.

இரண்டாவது: மாற்றுவழி வால்வு எங்கே உள்ளது? வடி அடைபட்டால் எண்ணெயை நேரே போகவிடும் சிறு வால்வு இது. வடிக்காத எண்ணெய் கெடுதல். எண்ணெயே இல்லாமை அதைவிடக் கெடுதல். எண்ணெய் முழுவதும் பில்ரரால் செல்லும் எஞ்சினில், பழைய வால்வு கிண்ணத்தோடு கழன்றுபோகுமானால் புதிய பில்ரருக்குள் அவ்வால்வு கட்டாயம் இருக்கவேண்டும்.

மூன்றாவது: புரி பொருந்துகிறதா? பெருமளவில் வழங்கும் முக்கால் அங்குலப் புரியின் குறுக்களவு 19.05 மி.மீ.; அங்குலத்துக்கு 16 புரிகள். சில ஜப்பானிய வாகனங்களின் பில்ரர்கள் 20 மி.மீ. அளவுடையவை, புரிகளுக்கிடையே 1.5 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். 20 மி.மீ. பில்ரர் முக்கால் அங்குலக் குழாயில் தளர்வாக ஏறும், ஆனால் பிடிப்பு இராது. எஞ்சின் வேகமெடுக்கும்போது அழுத்தம் அதைத் தள்ளிவிட்டால் எண்ணெய் முழுவதும் வீதியில் கொட்டிவிடும். கையில் ஆட்டம் தெரிந்தால் அதைப் பூட்டவே வேண்டாம்.

நான்காவது: அந்தப் பில்ரர் உங்கள் பட்டினத்தில் எப்போதும் கிடைக்குமா? கிடைக்காதெனில் மாற்றத்தால் பயனில்லை. விளக்கோடு எண்ணெயையும் எடுத்துச் சென்ற புத்தியுள்ள கன்னியரைப் போல, மேலதிகமாக ஒன்றை வாங்கி வைத்திருங்கள்.

பூட்டும் முறை

1. எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, எண்ணெய் இளஞ்சூடாக இருக்கும்போது வடித்துவிடுங்கள்.

2. பள்ளத்தில் ஒட்டியுள்ள பழைய ரபர் வளையத்தைக் கூரான கம்பியால் முழுமையாக எடுங்கள். பழையதன் மேல் புதியதை வைப்பதே ஒழுக்குக்கு முதற் காரணம்.

3. அடப்டரின் முகம் தட்டையாக இருக்கிறதா எனப் பாருங்கள். லேத் பட்டறையில் கடைந்து எடுத்ததாயின் உலோகத் தூள் இல்லாதபடி டீசலில் கழுவித் துடையுங்கள்.

4. பில்ரர் கீழ்நோக்கித் தொங்குமானால் அதில் புதிய எண்ணெயை நிரப்புங்கள். படுக்கையாகப் பூட்டுவதாயின், எண்ணெய் திரும்பி வடியாது தடுக்கும் ரபர் வால்வுள்ள பில்ரரைத் தெரிவுசெய்யுங்கள்.

5. பில்ரரின் வளையத்தில் எண்ணெய் தடவி, கையால் சுற்றுங்கள். வளையம் முகத்தைத் தொட்டபின் முக்கால் முதல் ஒரு சுற்று வரை இறுக்கினால் போதும்.

6. சம்ப்புக்குப் புதிய எண்ணெய் ஊற்றுங்கள். டீசல் எஞ்சினாயின் நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்தபடி சில விநாடிகள் சுற்றவிட்டு, அதன் பின் இயக்குங்கள். அழுத்தமானி உடனே ஏறாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

7. ஐந்து நிமிடம் ஓடியபின் ஒழுக்கு உண்டா எனப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திச் சற்றுப் பொறுத்து, அளவுக்கம்பியால் எண்ணெயைப் பாருங்கள். புதிய பில்ரர் கொள்ளும் எண்ணெய் பழைய கிண்ணத்தின் அளவாக இராது. மாற்றிய திகதியைக் கொப்பியில் எழுதிவையுங்கள்.

கழிவு எண்ணெய்

வடித்த எண்ணெயையும் பழைய பில்ரரையும் வேலியோரம் வீசாதீர்கள். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது கிணற்றுக்கு இறங்கும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக எழுந்த பிரச்சினையை நாம் மறக்கவில்லை. பில்ரரைக் கவிழ்த்து ஓர் இரவு வடியவிட்டு, எண்ணெயை மூடியுள்ள கலனில் சேர்த்து, கழிவு எண்ணெய் வாங்குவோரிடம் கொடுங்கள்.

முடிவாக ஒன்று. கிண்ணம் ஒழுகாமல், உள்ளுறுப்புகள் குறையாமல், வடியும் தட்டின்றிக் கிடைக்குமாயின் அதையே வைத்திருங்கள். காலத்துக்குக் காலம் வடியை மாற்றாதவருக்குப் புதிய பில்ரரும் உதவாது. மாற்றத்தான் வேண்டுமென்றால், மேற்சொன்ன நான்கு கேள்விகளுக்கும் விடை கண்டபின் ஸ்பனரைக் கையிலெடுங்கள். அடுத்த போகத்திலும் உங்கள் விளைச்சல் தடையின்றிச் சந்தைக்குப் போகட்டும்.