தொட்டி போகும் பாதை

நம் தெருவுக்கு வரும் பெரிய தண்ணீர் லாரி ஒன்று 12,000 லிட்டர் பிடிக்கும். அப்படிப் பத்தொன்பது லாரித் தண்ணீரையும் ஒரே தொட்டியில் ஊற்றி வைக்க வேண்டும். தொட்டியைச் செய்வதில் பெரிய சிக்கல் இல்லை. நல்ல பட்டறையும் நல்ல வெல்டரும் இருந்தால் போதும். செய்த இடத்திலிருந்து வேண்டிய இடத்துக்கு அதை எடுத்துப் போவதில்தான் கதையே இருக்கிறது.

தொட்டி செய்த இடம் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துக் கேம்டன். வேண்டிய இடம் தெற்கு பிரான்சில் சான் போல் லே துரான்ஸ் என்ற சிற்றூருக்குப் பக்கம். அங்கேதான் ‘ஈட்டர்’ என்ற அணுக்கருப் பிணைவு உலை எழுந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான், தென்கொரியா, இந்தியா ஆகிய ஏழு தரப்பும் 2006இல் ஒப்பந்தம் போட்டுத் தொடங்கிய வேலை. இதில் ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு. பங்காளிகள் தங்கள் பங்கில் பெரும்பகுதியைப் பணமாகத் தருவதில்லை, பாகங்களாகச் செய்து தருகிறார்கள். கல்யாணத்துக்கு மொய் எழுதாமல் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வருவது போலத்தான். ஆனால் இங்கே பாத்திரம் நூற்றுக்கணக்கான டன் கனக்கும். கடல் கடந்து வர வேண்டும்.

குளிர்விக்கும் நீர் அமைப்பின் முக்கியப் பகுதி அமெரிக்காவின் பங்கு. உலைக்குள் 15 கோடி டிகிரி செல்சியஸில் பிளாஸ்மா சுழலும்போது சுற்றுச்சுவர்களில் இறங்கும் வெப்பத்தைத் தண்ணீர்தான் அள்ளிக்கொண்டு போக வேண்டும். பராமரிப்புக்காகவோ விபத்தினாலோ அந்தத் தண்ணீரை வடிக்க நேர்ந்தால், அதைச் சாக்கடையில் விட முடியாது. கதிரியக்கம் ஏறிய நீர் அது. பத்திரமாகப் பிடித்து வைக்கத்தான் இந்த வடிகால் தொட்டிகள். மொத்தம் ஐந்து. நான்கு தொட்டிகள் ஒவ்வொன்றும் சுமார் 2,30,000 லிட்டர் கொள்ளும். ஐந்தாவது சிறியது. செய்தது கேம்டனில் உள்ள ஜோசப் ஓட் கார்ப்பரேஷன்.

தொட்டியின் நீளம் ஏறத்தாழ 10 மீட்டர். அந்த நீளத்தில் 2,30,000 லிட்டர் அடங்க வேண்டுமானால் விட்டம் ஐந்தரை, ஆறு மீட்டராவது இருந்தாக வேண்டும். காலித் தொட்டியின் எடை 80 டன்னுக்குச் சற்றுக் குறைவு. எஃகின் அடர்த்தியைக் கொண்டு கணக்குப் போட்டால் சுமார் 10 கன மீட்டர் எஃகு வருகிறது. அதை இந்த உருளையின் மேற்பரப்பில் பரப்பினால் சராசரியாக நான்கு சென்டிமீட்டர் தடிமன். தாங்குகால்கள், குழாய் வாய்கள் போன்றவற்றைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் குறையும். பருத்த உடம்புக்கு மெல்லிய தோல் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 80 டன் என்பது சாலைக்குப் பெரிய பயம் இல்லை. ஆறு மீட்டர் அகலம்தான் பயம். நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் சாதாரண லாரியின் அகல வரம்பு இரண்டரை மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரு வழித்தடமே மூன்றரை மீட்டர்தான். எடை கூடினால் சக்கரத்தைக் கூட்டலாம். பருமன் கூடினால் எதைக் கூட்டுவது? எடையைப் பங்கு போடலாம், பருமனைப் பங்கு போட முடியாது. நம் துறைமுகங்களில் ‘ஓடிசி’ என்று சொல்லும் அளவு மீறிய சரக்கை ஓட்டுபவர்களுக்கு இது மனப்பாடம். நான் சொல்லப்போவதெல்லாம் அதன் விரிவுரைதான்.

முதலில் சுலபமானதைப் பார்ப்போம்: எடை.

சாலையைக் கெடுப்பது வண்டியின் மொத்த எடை அல்ல. ஓர் அச்சு எவ்வளவு அழுத்துகிறது என்பதே. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கருகே தனியாகச் சாலைகள் போட்டு, அவற்றில் இரவும் பகலும் லாரிகளை ஓட்டிச் சிதைத்துப் பார்த்தார்கள். அந்தச் சோதனையிலிருந்து பிறந்ததுதான் சாலைப் பொறியாளர்கள் சொல்லும் நான்காம் அடுக்கு விதி. அச்சுச் சுமை இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்கு. அரை டன் அழுத்தும் கார் அச்சையும் 10 டன் அழுத்தும் லாரி அச்சையும் ஒப்பிட்டால், லாரி ஒருமுறை போவது கார் 1,60,000 முறை போவதற்குச் சமம். சாலை வரி கட்டும்போது கார்க்காரர்கள் பெருமூச்சு விடலாம்.

இதே விதியைத் திருப்பிப் போட்டால் கனரகப் போக்குவரத்தின் சூத்திரம் கிடைத்துவிடும். சுமையைப் பல அச்சுகளுக்குப் பிரித்துக் கொடு, சாலை தாங்கும். 2013 செப்டம்பரில் ஈட்டருக்கான பாதையில் ஒரு ஒத்திகை நடந்தது. உண்மையான பாகம் எதுவும் இல்லை. கான்கிரீட் கட்டைகளை அடுக்கி, வண்டியோடு சேர்த்து 800 டன், 33 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 10 மீட்டருக்கும் மேல் உயரம் என்று ஒரு போலிச் சுமையை உருவாக்கி நான்கு இரவுகள் ஓட்டினார்கள். அந்த வண்டிக்கு 352 சக்கரங்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு சக்கரத்துக்கு இரண்டேகால் டன். நம் ஊரில் சட்டப்படி 18.5 டன் வரை போகலாம் என்கிற ஆறு சக்கர லாரியில் ஒரு சக்கரத்துக்கு மூன்று டன்னுக்கு மேல் வருகிறது. 800 டன் பூதம், காய்கறி லாரியைவிட மெதுவாகக் காலை ஊன்றி நடக்கிறது.

352 சக்கரமும் ஒன்றுபோலத் தாங்கினால்தான் இந்தக் கணக்கு செல்லும். மேடுபள்ளமில்லாத சாலை உலகில் இல்லை. பள்ளத்தில் இறங்கிய சக்கரம் தொங்கும், மேட்டில் ஏறியது எல்லாச் சுமையையும் வாங்கும். இதைச் சரிக்கட்டுவது பிரான்சுக்காரர் பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டிலேயே சொன்ன விதி: அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும். ஒவ்வோர் அச்சுக்கும் ஓர் எண்ணெய் உருளை. பல உருளைகளை ஒரே குழாயில் இணைத்துவிட்டால், மேட்டில் ஏறும் சக்கரம் தன் எண்ணெயைப் பள்ளத்தில் இருக்கும் சக்கரத்துக்குத் தள்ளிவிடும். அழுத்தம் சமம், ஆகவே சுமையும் சமம்.

எல்லா உருளைகளையும் ஒரே குழாயில் கோத்துவிடவும் கூடாது. அப்படிச் செய்தால் வண்டியின் மேடை தண்ணீரில் மிதக்கும் பலகை போல ஒரு பக்கம் சாய்ந்தால் சாய்ந்துகொண்டே போகும். அதனால் மூன்று குழுக்களாகப் பிரிப்பது வழக்கம். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும் அல்லவா, அதே கணக்கு. மூன்று குழுக்களின் மையங்களை இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். சுமையின் ஈர்ப்பு மையம் அந்த முக்கோணத்துக்கு மேலேயே இருக்கும் வரை வண்டி கவிழாது. சாலை ஒரு பக்கம் சரிந்திருந்தால் அந்தப் பக்கத்து உருளைகளை உயர்த்தி மேடையைச் சமமாக்குகிறார்கள். உருளை வடிவத் தொட்டிக்கு இது மிக முக்கியம். வாகான தாங்கிகளில் படுக்கவைத்துக் கட்டியிருந்தாலும், உருள வேண்டும் என்பதுதான் அதன் சுபாவம்.

திருப்பத்துக்கு வருவோம். நம் கோயில் தேருக்குச் சக்கரம் திரும்பாது. வீதி முனையில் முட்டுக்கட்டை கொடுத்து, சறுக்கி, இழுத்துத்தான் திருப்ப வேண்டும். முட்டுக்கட்டை போடுபவரின் கைத்திறன்தான் தேரைக் காப்பாற்றுகிறது. இந்த வண்டிகளில் நேர் எதிர். ஒவ்வொரு சக்கர ஜோடியும் தனக்கென்று ஒரு கோணத்தில் திரும்புகிறது. முன்பக்கம் இடம் போனால் பின்பக்கம் வலம் போகும், வேண்டுமானால் எல்லாமே ஒரே பக்கம் திரும்பி வண்டி நண்டு போலப் பக்கவாட்டில் நகரும்.

பாலம் மட்டும் இந்த வித்தைகளுக்கு ஏமாறாது. சாலைக்கு அச்சுச் சுமை தெரிந்தால் போதும். பாலத்தின் தூண்களுக்கும் உத்திரங்களுக்கும் மொத்த எடையும் தெரிந்துவிடும். அதனால்தான் வண்டி நீளமாக இருப்பது நல்லது. பாலத்தின் ஒரு கண்ணில் வண்டியின் ஒரு பகுதி மட்டுமே நிற்கும். கனச் சுமை பாலத்தைக் கடக்கும்போது நடுக்கோட்டில், ஒரே சீரான மெதுவான வேகத்தில் போக வேண்டும். நடுவில் பிரேக் போடக் கூடாது. பிரேக் போட்டால் கீழ்நோக்கிய சுமையோடு முன்னோக்கிய உந்துதலும் பாலத்தின் தலையில் விழும். கான்கிரீட் கட்டை ஒத்திகையின் நோக்கத்தில் பாதி இதுதான்: பாலங்கள் கணக்குப் போட்ட அளவுதான் வளைகின்றனவா என்று கருவி வைத்து அளந்து பார்ப்பது.

எடைக்கு இத்தனை வழி இருக்கிறது. பருமனுக்கு ஒரே வழி, பாதையை மாற்றுவது. பிரான்சின் ஃபோஸ்-சுர்-மேர் துறைமுகத்தில் இறங்கும் பாகங்கள் நேராகச் சாலையேறுவதில்லை. மிதவைப் படகில் ஏற்றி, பெர் காயலைக் கடந்து, அதன் வடகரையில் இறக்குகிறார்கள். அங்கிருந்து உலை வரை 104 கிலோமீட்டர். இந்தத் தூரம் முழுவதையும் பிரான்ஸ் சில ஆண்டுகள் செலவிட்டு மாற்றியமைத்தது. சாலையை அகலப்படுத்தினார்கள், பாலங்களை வலுப்படுத்தினார்கள், ஊர்களுக்குள் நுழையாமல் சுற்றிப் போக வழி போட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு ரவுண்டானா என்றால் தனிப் பிரியம். இந்தப் பாதையிலும் குறைவில்லை. சுற்றிப் போக முடியாத வண்டிக்காக ரவுண்டானாவின் நடுவயிற்றைப் பிளந்து நேர்வழி விட்டிருக்கிறார்கள். வண்டிகள் இரவில் மட்டுமே போகும், முன்னும் பின்னும் காவலர்கள். மிகப் பெரியவை நடைவேகத்தில் நகரும். விடிவதற்குள் ஓரங்கட்டி நின்றுவிடும். பாதையோரக் கிராமத்துக்காரர் காலையில் ஜன்னலைத் திறக்கும்போது சாலை பழையபடி கிடக்கும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்தப் பாதை வண்டியோடு சேர்த்து ஏறத்தாழ 900 டன், சுமார் 9 மீட்டர் அகலம், 10 மீட்டரை ஒட்டிய உயரம் என்று ஒரு கண்ணுக்குத் தெரியாத சட்டத்தை வரைந்துவிட்டது. உலையின் எந்தப் பாகமும் அதற்குள் நுழைய வேண்டும், அல்லது துண்டாக வர வேண்டும், அல்லது அங்கேயே பிறக்க வேண்டும். 17 மீட்டரும் 24 மீட்டரும் விட்டமுள்ள காந்தச் சுருள்களுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. அவற்றைச் சுற்றுவதற்கென்றே உலைக்கருகில் 257 மீட்டர் நீளக் கூடம் ஒன்றைக் கட்டினார்கள். இந்தியாவின் பங்கான கிரையோஸ்டாட் என்ற மாபெரும் எஃகுக் கலனின் விட்டமும் உயரமும் சுமார் 29 மீட்டர். குஜராத்தின் ஹஜிராவில் லார்சன் அண்ட் டூப்ரோ ஆலை அதை 54 துண்டுகளாகச் செய்து கப்பலேற்றியது. பிரான்சில் வைத்து வெல்டிங் செய்தார்கள். கலனை ஏன் 54 ஆக வெட்ட வேண்டும் என்பதற்கான பதிலின் பெரும்பகுதி இயற்பியலில் இல்லை, ரவுண்டானாக்களில் இருக்கிறது.

வடிகால் தொட்டியை மட்டும் ஏன் முழுதாகவே கொண்டுவந்தார்கள்? சட்டத்துக்குள் அடங்கியது என்பது ஒன்று. அணுசக்திப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட கலன் என்பது இன்னொன்று. ஒவ்வொரு வெல்டிங் மூட்டும் சோதனையில் தேற வேண்டும். அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குத் தகுந்த இடம் கூரையுள்ள பட்டறைதானே தவிர, காற்றும் புழுதியும் அடிக்கும் கட்டுமானத் தளம் அல்ல. படுக்கவைத்துத்தான் கொண்டுவர முடியும் என்பதும் எளிய கணக்குதான். 10 மீட்டர் தொட்டியை வண்டியில் நிமிர்த்தி வைத்தால் வண்டியின் உயரமும் சேர்ந்து வரம்பை இடித்துவிடும்.

முதல் இரண்டு தொட்டிகள் 2015 மே மாதம் வந்து சேர்ந்தன. அவை நிற்க வேண்டிய கட்டிடம் அப்போது தயாராகவில்லை. ஆனால் கட்டிடத்துக்குத் தொட்டிகள் முதலிலேயே தேவைப்பட்டன. அடித்தளத்தில் அவற்றுக்கான அறைக்கு எந்தக் கதவு வைத்தாலும் இந்தப் பருமன் நுழையாது. தொட்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான் மேலே மூட வேண்டும். இப்படிப்பட்டவற்றை அங்குள்ள பொறியாளர்கள் ‘சிறைப்பட்ட பாகங்கள்’ என்கிறார்கள். அட்லாண்டிக்கைக் கடந்து, காயலைக் கடந்து, நடுவில் பிளந்த ரவுண்டானாக்களைக் கடந்து வந்தவை இப்போது ஆள் நடமாடும் வாசல் மட்டுமே உள்ள அறையில் நிற்கின்றன. இனி வெளியே வர வேண்டுமென்றால் கட்டிடத்தை உடைக்க வேண்டும்.