செகோன் தீவும் ஒற்றை இருக்கை விமானமும்

2023 ஜனவரி 23 அன்று, நேதாஜியின் பிறந்த நாளில், அந்தமான் நிகோபாரில் அதுவரை பெயரில்லாமல் கிடந்த 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்கரம் பெற்ற 21 வீரர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. 1987இல் இலங்கையில் உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயரும் அவற்றுள் ஒன்று என்பது தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த 21 பேரில் விமானப் படையைச் சேர்ந்தவர் ஒருவரே. அவர் பிளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் செகோன்.

தீவின் பெயரைக் கேட்கும் பிள்ளைகள் அடுத்தபடியாகக் கேட்பது அவர் ஓட்டிய விமானத்தைப் பற்றித்தான். 2024இலேயே ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியும் பலர் நாவில் போர்ட் பிளேராகவே இருக்கும் நகரில், அபர்தீன் பஜாரில் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவரின் மகனும் அப்படித்தான் கேட்டான். துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் மாதிரி விமானப் பெட்டி அவனுக்கு வேண்டும். தகப்பனார் என்னிடம் வந்தார்.

"நாட்-னு பேர் போட்ட பெட்டிதானே தம்பி, ஒண்ணு வரவழைச்சுக் கொடுத்தாப் போச்சு" என்றார்.

"பேரைப் பார்த்து வாங்கிடாதீங்க அண்ணாச்சி. இருக்கையை எண்ணிப் பாருங்க" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் 'நாட்' என்றால் கொசு போன்ற ஒரு சிறு பூச்சி. பிரிட்டனில் பெட்டர் என்ற பொறியாளர் வடிவமைக்க, போலண்ட் கம்பெனி செய்த இந்த விமானம் 1955 ஜூலையில் முதன்முதலாகப் பறந்தது. பிரிட்டிஷ் விமானப் படை இதைப் போர் விமானமாக ஏற்கவில்லை. நீளத்தையும் இறக்கையையும் கூட்டி, இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானமாக வாங்கிக் கொண்டது. 'ரெட் ஆரோஸ்' என்ற சாகசக் குழு 1965 முதல் 1979 வரை சிவப்புச் சாயம் பூசிப் பறக்கவிட்டது அந்த இரட்டை இருக்கை விமானத்தையே. ஒற்றை இருக்கைப் போர் விமானத்தைப் பெரிய அளவில் ஏற்றது நம் நாடுதான். பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உரிமம் பெற்று அதைச் செய்தது. 1965 யுத்தத்தில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்து அது பெயர் வாங்கியது.

மாதிரிப் பெட்டி செய்யும் பிரிட்டனின் ஏர்பிக்ஸ் நிறுவனம் பல்லாண்டாக விற்றுவரும் நாட், அந்தச் சிவப்புப் பயிற்சி விமானம். நல்ல பெட்டிதான், பாகங்கள் சரியாகப் பொருந்தும், விலையும் அதிகமில்லை. ஆனால் அது செகோன் ஓட்டிய விமானம் அல்ல. சாயத்தை மாற்றிப் பூசி, இந்திய வட்டச் சின்னத்தை ஒட்டிவிட்டால் ஆயிற்று என்று சிலர் நினைக்கிறார்கள். அசல் பயிற்சி விமானம் 9.68 மீட்டர் நீளம், போர் விமானமோ 8.74 மீட்டர். மூக்கும் வேறு, இறக்கையும் வேறு.

அளவு வித்தியாசத்தைக்கூட மன்னிக்கலாம். இரண்டாவது இருக்கையை மன்னிக்க முடியாது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமான தளத்தின் மீது ஆறு சேபர் விமானங்கள் பாய்ந்தன. குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்தே செகோன் மேலெழும்பினார். முன்னால் கிளம்பிய தோழரின் விமானம் பிரிந்துபோக, தனியொருவராகவே அவர் போரிட்டார். ஒரு சேபரைத் தாக்கினார், இன்னொன்றைத் தீப்பற்ற வைத்தார் என்கிறது பரம்வீர் சக்கர விருதுரை. கடைசியில் அவருடைய விமானமும் வீழ்ந்தது. அந்த விமானத்தில் அவருக்குப் பின்னால் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. அலமாரியில் நிற்கப்போகும் மாதிரியும் அதைச் சொல்ல வேண்டாமா?

எந்த எழுத்தைப் பார்ப்பது?

பெட்டியின் மேல் 'எப்.1' என்றிருந்தால் போர் விமானம், 'டி.1' என்றிருந்தால் பயிற்சி விமானம். செக் நாட்டின் ஸ்பெஷல் ஹாபி நிறுவனம் ஒற்றை இருக்கை நாட் வகையை வெளியிட்டிருக்கிறது. அதிலும் 'அஜீத்' என்ற பெயரில் வருவது வேறு. நாட் விமானத்தைத் திருத்தி, இறக்கைக்குள்ளேயே எரிபொருள் வைத்து நம்மவர்கள் உருவாக்கியது அது. 1975இல்தான் பறந்தது, 1991இல் ஓய்வு பெற்றது. செகோன் அதைப் பார்த்திருக்க முடியாது.

அளவு விஷயத்தில் பலருக்கும் குழப்பம். 1/72 என்றால் அசலில் 72 அங்குலம், அதாவது ஆறடி, மாதிரியில் ஒரு அங்குலம். ஆறடி மனிதர் ஒரு அங்குல உயரம் நிற்பார். அந்தக் கணக்கில் நாட் 12 சென்டிமீட்டர்தான் வரும், உள்ளங்கையில் அடங்கிவிடும். தஞ்சாவூர்க்காரர்களுக்குப் பழக்கமான சுகோய்-30 அதே அளவில் 30 சென்டிமீட்டர் இருக்கும். 1/48 அளவில் சுகோய் வாங்கி, வைக்க இடமில்லாமல் பரணில் ஏற்றிய வீடும் உண்டு. பல விமானங்களை வரிசையாக வைத்து ஒப்பிட நினைப்பவர் 1/72ஐப் பிடித்துக் கொண்டால் போதும்.

இங்கே ஒரு சங்கடம். சரியான விமானம் உள்ள பெட்டி செய்வதற்குக் கடினம். சிறு எண்ணிக்கையில் வார்க்கும் பெட்டிகளில் பாகங்களைச் சேர்க்கும் முளை இராது, பிசிறைச் சீவி, உப்புத்தாள் தேய்த்துத்தான் பொருத்த வேண்டும். எட்டாம் வகுப்புப் பையன் முதல் பெட்டியாக அதை எடுத்தால் பாதியில் விட்டுவிடுவான். பொம்மைகளுக்கான சுங்கவரி 2020இல் 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் ஏறியது. மாதிரிப் பெட்டிகளும் அதே சுங்கத் தலைப்பில்தான் வருகின்றன. ஆகவே கெடுத்துவிட்டு இன்னொன்று வாங்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

என் யோசனை, முதலில் ஒரு மிக்-21. பல கம்பெனிகள் செய்கின்றன, எளிதாகப் பொருந்தும். நம் விமானப் படையில் 2025 செப்டம்பர் வரை இருந்தது. 1971 யுத்தத்து மிக் வேண்டுமென்றால் 'எப்.எல்.' வகையைத் தேடுங்கள். அதில் உடலோடு சேர்ந்த பீரங்கி கிடையாது. செகோன் வீழ்ந்த அதே டிசம்பர் 14 அன்று டாக்கா கவர்னர் மாளிகையைத் தாக்கியவை அந்த மிக்குகள். கை பழகிய பிறகு நாட் பெட்டியைத் திறக்கலாம்.

தீவுக்கு வருவது எப்படி?

பார்சல் ஆபீஸ் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், தீப்பற்றும் திரவத்தைச் சாமான்யத்தில் ஏற்க மாட்டார்கள். விமானத் தபாலில் அறவே கூடாது. பிளாஸ்டிக்கை ஒட்டும் சிமெண்டும் எனாமல் சாயமும் அந்த வகையே. அவற்றை ஒரே பார்சலில் போடச் சொன்னால் மொத்தமும் சென்னையிலேயே தேங்கிவிடும். எனவே பெட்டியை மட்டும் தனியாக வரவழையுங்கள். சாயம் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வகையாக இருக்கட்டும். சில்லறைப் பாகங்களுக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சூப்பர் குளூ போதும், ஆனால் அதைப் பெரியவர் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்று, ஈரக் காற்று. இங்கே ஆண்டில் பாதிக்கு மேல் மழை. எனாமல் நாட்கணக்கில் பிசுபிசுக்கும். பழைய இருப்பிலிருந்து வரும் பெட்டிகளில் ஒட்டுப்படச் சின்னங்கள் மஞ்சளித்து, தண்ணீரில் இட்டதும் நொறுங்கும். காவி, வெள்ளை, பச்சை வட்டங்கள் கெட்டுப்போனால் மாற்றுக்கு எங்கே போவது? வாங்கும்போதே அந்தத் தாளின் படத்தைக் கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது. வந்தபின், மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைச் சேர்த்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக் கொள்ளலாம்.

செகோன் பணியாற்றிய 18ஆம் ஸ்குவாட்ரன் 2020 மே மாதம் நம் கோவை சூலூரில் தேஜஸ் விமானங்களுடன் மீண்டும் தொடங்கப்பட்டது. கடைக்காரரின் மகன் இப்போதே அடுத்த பெட்டியாகத் தேஜஸைக் கேட்கிறானாம். முதலில் மிக்கின் சக்கரத்தை ஒட்டி முடிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.