கிரிட் கதை – 14: அந்நியர் ஆறு மணிக்கு மேல் வரலாம்

பலருடைய கணினிகள் சேர்ந்த கிரிட்டுக்கு வேலை அனுப்புகிறவர், இவ்வளவு மெமரி வேண்டும், இத்தனை பிராசஸர் வேண்டும் என்று எழுதித்தர வேண்டும். அதற்குக் குளோபஸ் என்ற கிரிட் மென்பொருள் வைத்திருந்த ஆர்.எஸ்.எல். மொழியைப் போன வாரம் பார்த்தாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஜே.எஸ்.டி.எல். என்ற பொதுத் தரத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். முன்னுரையாக நாலு வரி சேர்க்கலாமென்று 1998-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிரித்தேன். அதோடு சரி.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் ராஜேஷ் ராமன், மிரன் லிவ்னி, மார்வின் சாலமன் மூவரும் எழுதியது அது. அங்கே 1980களின் கடைசியிலிருந்தே கான்டர் என்ற மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. மேசைகளில் சும்மா கிடக்கும் கணினிகளைப் பிடித்து அடுத்தவர் வேலையை ஓட்டுவது அதன் தொழில். உடையவர் திரும்பி வந்து கீபோர்டைத் தொட்டால் வந்த வேலை எழுந்துவிட வேண்டும். முடித்தவரை பதிந்து எடுத்துக்கொண்டு, வேறொரு கணினியில் போய்த் தொடரலாம். (பெயருக்கு உரிமை கேட்டு வழக்கு வந்து, 2012-இல் அது எச்.டி.கான்டர் ஆனது. நல்ல கதை, இன்னொரு நாள்.)

கட்டுரையின் புதுமை இதுதான்: நிபந்தனை போடும் உரிமை வேலைக்கு மட்டுமல்ல, கணினிக்கும் உண்டு. இரண்டும் தனித்தனியே விளம்பரம் கொடுக்கும். கிளாஸ்ஆட் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை பேப்பரின் மணமகள் தேவை பத்தி மாதிரிதான். தன்னைப் பற்றிப் பாதி, எதிர்பார்ப்பு பாதி. நடுவில் இருக்கும் நிரல் இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்து, இரு தரப்பும் ‘சரி’ என்றால்தான் சேர்த்துவைக்கும்.

மாதிரிக்கு அவர்கள் காட்டியிருக்கும் கணினியின் பெயர் லியோனார்டோ. 64 எம்பி மெமரி. அதன் விளம்பரத்தில் மூன்று பட்டியல்கள்: ஆய்வுக் குழு, நண்பர்கள், நம்பத்தகாதவர்கள். குழுவைச் சேர்ந்தவர் வேலை என்றால் எந்நேரமும் வரலாம். நண்பர் என்றால் கணினியில் சுமை குறைவாகவும், கீபோர்டை யாரும் தொடாமல் 15 நிமிடத்துக்கு மேலாகியும் இருக்க வேண்டும். முன்பின் தெரியாதவரா? காலை எட்டுக்கு முன், இல்லையென்றால் மாலை ஆறுக்குப் பின். நம்பத்தகாதவர் பட்டியலில் இரண்டே பெயர்கள்: ‘ரைவல்’, ‘ரிஃப்ராஃப்’. போட்டிக்காரனும் தறுதலையும்! இவர்களுக்கு எப்போதுமே கதவு கிடையாது. ஒரு வீட்டின் மொத்த உறவு அரசியலும் நாலைந்து வரி நிரலில் அடங்கிவிட்டது. இந்த வாரம் முழுக்க, பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதில் இன்னொரு நுட்பம். கட்டாயம் வேறு, விருப்பம் வேறு. எதிரே நிற்கும் வேலை 31 எம்பி மெமரி, சுமார் 10 எம்பி டிஸ்க், இன்டெல் சிப், சோலாரிஸ் இயங்குதளம் என்று கேட்கிறது. இதில் ஒன்று குறைந்தாலும் பேச்சில்லை. இவை எல்லாம் உள்ள கணினிகள் பல இருந்தால்? அதற்கு ‘ரேங்க்’ என்றொரு வரி: கணக்குப் போடும் வேகமும் மெமரியும் கூடக்கூட மதிப்பெண் கூடும்; அதிகம் வாங்கிய கணினிக்கு முதலிடம். லியோனார்டோவும் தன் பங்குக்கு மதிப்பெண் போடுகிறது. குழுவினருக்குப் பத்து, நண்பருக்கு ஒன்று.

சரி, கணினியின் விளம்பரத்தில் மெமரி என்ற வரியே இல்லாவிட்டால்? ‘32 எம்பிக்குக் குறையக்கூடாது’ என்று கேட்கும் வேலைக்கு என்ன பதில்? ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கிளாஸ்ஆட் மூன்றாவதாக ஒரு விடை வைத்திருக்கிறது: ‘தெரியாது’. கேள்வியைத் திருப்பிப்போட்டு ‘32க்குக் குறைவாக இருக்க வேண்டும்’ என்றாலும் அதே ‘தெரியாது’தான். முடிவில் நிபந்தனை முழுதும் ‘தெரியாது’ என்று நின்றால் பொருத்தமில்லை. ஆனால் ‘மெமரி 32, அல்லது சோலாரிஸ்’ என்று எழுதியிருந்து, சோலாரிஸ் இருப்பது தெரிந்தால் போதும், தேறிவிடும். யார் யாரோ வைத்திருக்கும் கணினிகள் சேர்ந்தது கிரிட். எல்லோரையும் ஒரே படிவத்தை நிரப்பவைக்க ஆகாது. தெரிந்ததை மட்டும் எழுதலாம் என்ற அந்தச் சலுகையை இந்த மூன்றாவது விடைதான் தாங்கி நிற்கிறது.

சேர்த்துவைத்த கையோடு நடுவர் ஒதுங்கிக்கொள்வார். வேலை அனுப்பியவரும் கணினியும் நேரே பேசி, நிபந்தனைகளை மறுபடி சரிபார்ப்பார்கள். விளம்பரம் கொடுத்தபின் உடையவர் வந்து உட்கார்ந்திருக்கலாமே!

ஐரோப்பியத் துகள் இயற்பியலாளர்கள் தங்கள் கிரிட்டுக்கு இந்த கிளாஸ்ஆடையே அடித்தளமாக வைத்து ஜே.டி.எல். என்ற மொழியை அமைத்துக்கொண்டார்கள். ரேங்க் அதிலும் உண்டு. 2005-இல் பொதுத் தரமாக வந்த ஜே.எஸ்.டி.எல்.லிலோ குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று வரம்பு கட்டலாமே தவிர, ரேங்குக்கு இடமே இல்லை. ஏன் என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம். ஆசிரியரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.